ஆர்டரை அழித்தால் எதெல்லாம் போக வேண்டும்? கிளாஸ்களுக்கு இடையிலான உறவுகள்

கிளாஸ் எழுதத் தெரியும், கன்ஸ்ட்ரக்டர் என்றால் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். ஆர்டர், ஆர்டர் வரி (ஆர்டரில் உள்ள ஒரு பொருளும் அதன் அளவும்), வாடிக்கையாளர், டெலிவரி பட்டியல் என்று நான்கு கிளாஸ் நமக்குப் போதும். பேப்பரில் பேனாவால் நான்கு கட்டம் போடுங்கள். யூஎம்எல் (கிளாஸ்களையும் அவற்றின் உறவுகளையும் காட்டும் படமுறை) வரைய மென்பொருளைத் திறந்தால் கோட்டை நேராக்குவதிலேயே பாதி நாள் போய்விடும்.

முதலில் இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸ் இன்னொரு கிளாஸின் மெத்தட்களை அப்படியே பெறுவது. "அவசர ஆர்டரும் ஒரு ஆர்டர்தான்" என்று சொல்லிப் பார்த்தால் மட்டும் போதாது. ஆர்டரின் எல்லா மெத்தடும் அதற்குப் பொருந்த வேண்டும். ஜாவாவின் ஸ்டாக் கிளாஸே இதில் சறுக்கியதுதான். எந்த இடத்திலும் செருகவிடும் லிஸ்ட்டான வெக்டரை இன்ஹெரிட் செய்ததால், உச்சியில் மட்டுமே வைத்து எடுக்க வேண்டிய அடுக்கின் நடுவிலும் செருக முடிகிறது. அதற்குப் பதில் டெக் (Deque) என்ற இருமுனை வரிசையைப் பயன்படுத்தச் சொல்லி ஜாவா ஆவணமே எழுதியிருக்கிறது.

அசோசியேஷன், அதாவது ஒரு ஆப்ஜெக்ட் இன்னொன்றைத் தெரிந்து வைத்திருப்பது, எளிது. ஆர்டருக்குள் வாடிக்கையாளரைக் காட்டும் ஒரு ஃபீல்டு, அவ்வளவுதான்.

நான் முட்டிக்கொண்டது அக்ரிகேஷனிலும் காம்போசிஷனிலும். இரண்டுமே ஒரு முழுப்பொருளுக்கும் அதன் உள்ளே இருப்பவற்றுக்கும் உள்ள உறவு. கோடில் பார்த்தால் இரண்டுமே ஒரு லிஸ்ட்தான். கேட்க வேண்டியது ஒன்றே: முழுப்பொருளை அழித்தால் உள்ளே இருப்பதும் போக வேண்டுமா? டெலிவரி பட்டியலை அழித்தாலும் ஆர்டர்கள் இருக்கும். அது அக்ரிகேஷன், படத்தில் கோட்டின் முனையில் வெற்று வைரம். ஆர்டர் போனால் அதன் வரிகளுக்கு வேலையில்லை. அது காம்போசிஷன், நிரப்பிய வைரம். வைரம் எப்போதும் முழுப்பொருளின் பக்கம்தான். நான் பல நாள் தலைகீழாகப் போட்டிருக்கிறேன்.

படத்தில் காம்போசிஷன் போட்டுவிட்டு, கோடில் வெளியிலிருந்து வந்த லிஸ்ட்டை அப்படியே ஃபீல்டில் வைத்துக்கொண்டேன். "மறுபடி ஆர்டர் செய்" வசதிக்குப் பழைய ஆர்டரின் லிஸ்ட்டையே புதியதற்கும் கொடுத்தேன். புதியதில் ஒரு வரியை நீக்கினால் பழையதிலும் காணோம்! டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டு ஒரு மாலை முழுக்க வீண். இப்போது ஆர்டர் தன் லிஸ்ட்டைத் தானே உருவாக்குகிறது. வெளியிலிருந்து பொருளும் அளவும் மட்டும் வரும். வரியை உருவாக்குவது ஆர்டரின் மெத்தட்.

பின்சேர்க்கை: "லிஸ்ட்டை நகலெடுத்துவிட்டேன், ஆனாலும் ஒன்றில் அளவை மாற்றினால் இன்னொன்றிலும் மாறுகிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நகலானது லிஸ்ட் மட்டும். உள்ளே இருப்பவை அதே வரி ஆப்ஜெக்ட்கள். ஒவ்வொரு வரியையும் புதிதாக உருவாக்கிச் சேருங்கள்.