வேக ரேடியோ படகு தடுமாறினால் சரிசெய்வது எப்படி?

புதிதாக வாங்கிய, ரிமோட்டால் ஓட்டும் ரேடியோ படகு பாதி வேகத்தில் ஒழுங்காக ஓடிவிட்டு, முழு வேகம் கொடுத்ததும் மூக்கைத் தூக்கித் தூக்கிப் போடுவதும், ஒரு பக்கமாகச் சாய்ந்து விலகுவதும், திருப்பத்தில் கவிழ்வதும் அடிக்கடி நடப்பவை. இவற்றைக் கண்டதும் பலர் மூக்கின் உயரத்தையும் சாய்வையும் திருத்தப் பின்பக்கம் பொருத்தியிருக்கும் டிரிம் டேப் (trim tab) தகடுகளை வளைக்கத் தொடங்குகிறார்கள். என் கருத்தில் அந்தத் தகடுகளைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். எடைச் சமநிலையிலோ அடிப்பாகத்திலோ உள்ள குறையை அவை மறைக்குமே தவிரத் தீர்க்காது. இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது சுமார் 70 செ.மீ. நீளமும், ‘வி’ வடிவ அடிப்பாகமும், ஒற்றைப் புரொப்பெல்லரும் கொண்ட பேட்டரிப் படகு.

முதல் படி: அடிப்பாகம்

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் படகைத் துணிமேல் கவிழ்த்து வையுங்கள். ஓர் இரும்பு ஸ்கேலின் விளிம்பைப் பின்பலகையிலிருந்து முன்னோக்கி நீளவாக்கில் நிறுத்தி, அதன் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஸ்கேலின் நடுவில் வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் குழிந்திருக்கிறது. ஸ்கேல் நடுவில் ஊன்றி முனைகள் ஆடினால் புடைத்திருக்கிறது. பின்பகுதி குழிந்திருந்தால் மூக்கு தண்ணீரில் அழுந்தும். புடைத்திருந்தால் நீரோட்டம் அந்த வளைவைப் பற்றிக்கொண்டு பின்பகுதியைக் கீழே இழுக்க, மூக்கு எழும்பித் துள்ளல் தொடங்கும். குழியை எபாக்சியால் நிரப்பி, மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் சமமாகத் தேய்க்க வேண்டும்.

அடிப்பாகம் பின்பலகையைச் சந்திக்கும் விளிம்பும் கூர்மையாக இருக்க வேண்டும். அது மழுங்கி உருண்டிருந்தால் தண்ணீர் சட்டென்று பிரியாமல் பின்பலகைமேல் ஏறி ஒட்டும். வார்ப்பில் செய்த படகுகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. ஒரு மாலை நேர வேலையில் இதைத் தீர்த்துவிடலாம் என்பதால் தவிர்க்காதீர்கள்.

இரண்டாம் படி: எடை

எடை மையம் பின்பலகையிலிருந்து படகின் நீளத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் அமைய வேண்டும், 70 செ.மீ. படகுக்கு அது 21 செ.மீ. வரும். இருபுறமும் அந்த அளவில் குறியிட்டு, பேட்டரியும் மூடியும் உள்பட எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, குறிகளில் இரு விரல்களால் தூக்குங்கள். படகு சமமாக நிற்கும் வரை பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, வெல்க்ரோ பட்டையால் இறுக்கி, அதன் இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். எடை பின்னால் மிகுந்தால் துள்ளலும், காற்றில் மூக்கு எழும்பிப் பின்பக்கமாகக் கவிழ்வதும் நேரும். முன்னால் மிகுந்தால் வேகம் குறைவதோடு திருப்பத்தில் மூக்கு தண்ணீரைக் குத்தி, படகு அந்த இடத்திலேயே சுழன்றுவிடும்.

மூன்றாம் படி: ஸ்ட்ரட், ஷாஃப்ட், சுக்கான்

புரொப்பெல்லரைத் தாங்கும் ஸ்ட்ரட்டை அடிப்பாகத்தின் நடுக்கோட்டுக்கு இணையாக வைத்துத் தொடங்குங்கள். புரொப்பெல்லர் முனை சற்றுத் தாழ்ந்தால் அதன் தள்ளுவிசை பின்பகுதியை உயர்த்தி மூக்கை இறக்கும். அம்முனை உயர்ந்தால் மூக்கு எழும்பும். இங்கே ஒரு பாகைகூடப் பெரிய மாற்றம். மோட்டாரின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுசெல்லும் வளையும் கம்பியான ஃபிளெக்ஸ் ஷாஃப்ட், சுமை ஏறும்போது முறுக்கிக்கொண்டு நீளம் குறையும் என்பதால், புரொப்பெல்லரைப் பிடிக்கும் டாக் என்ற உலோகத் துண்டுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். சுக்கான் தகட்டைக் கையால் ஆட்டினால் தளர்ச்சி தெரியக்கூடாது; பின்னாலிருந்து பார்க்கும்போது அது செங்குத்தாக நிற்க வேண்டும்.

நான்காம் படி: தண்ணீரில் சோதனை

குளிப்பவர்களும் பறவைகளும் இல்லாத, காற்றடங்கிய குளத்தைத் தேர்ந்தெடுங்கள். முக்கால் வேகத்தில் நேர்கோட்டில் ஓட்டி, ஒரு நண்பரைப் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம்பிடிக்கச் சொல்லுங்கள். கரையிலிருந்து கண்ணால் பிடிக்க முடியாததை வேகம் குறைத்த காட்சி காட்டிவிடும். ஒரு ஓட்டத்துக்கு ஒரே மாற்றம் என்பதில் உறுதியாக இருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

துள்ளல் இருந்தால் முதலில் பேட்டரியை அரை செ.மீ. முன்னே நகர்த்துங்கள். படகு இடமும் வலமுமாக மாறி மாறி உருண்டால், அடிப்பாகம் தேவைக்கு மேல் தண்ணீரைவிட்டு எழும்பியிருக்கிறது என்று பொருள். ஸ்ட்ரட்டின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் மாற்றிப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் காரணம் புரொப்பெல்லரின் எதிர்முறுக்கு: பின்னாலிருந்து பார்க்கையில் அது கடிகாரச் சுற்றில் சுழன்றால் படகு இடப்பக்கம் சாயும், எதிர்ச்சுற்றில் சுழன்றால் வலப்பக்கம் சாயும். பேட்டரியைச் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் சற்று ஒதுக்கினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: டிரிம் டேப்

மிச்சமிருக்கும் குறைக்குத்தான் டேப் தகடுகள் உதவும். இரண்டையும் அடிப்பாகத்துடன் ஒரே சமதளத்தில் வைத்துத் தொடங்குங்கள். இரண்டையும் சமமாகச் சிறிது இறக்கினால் மூக்கு தணியும். சாயும் பக்கத்து டேப்பை மட்டும் மயிரிழை அளவு இறக்கினால் அந்தப் பக்கம் எழும்பும். கூடுதலாக இறக்கினால் திருப்பத்தில் மூக்கு குத்தும்.

திருப்பங்களை இறுதியில் சோதியுங்கள். ரிமோட்டில் சுக்கானின் வீச்சைக் குறைத்து, அகன்ற வளைவிலிருந்து சிறுகச் சிறுகக் குறுக்குங்கள். அமெரிக்காவின் நாம்பா (NAMBA), இம்ப்பா (IMPBA) என்ற மாதிரிப் படகு அமைப்புகள் நடத்தும் ஓவல் பந்தயங்கள் கடிகாரச் சுற்றில் நடப்பதால், பந்தயப் படகுகளை வலத் திருப்பத்துக்கென்றே சீரமைப்பார்கள். பொழுதுபோக்குக்கு ஓட்டும் நீங்கள் இரு பக்கமும் சோதிப்பது நல்லது.

இவை எல்லாம் முடிந்த பிறகே புரொப்பெல்லரை மாற்றுங்கள். எடுத்துக்காட்டாக ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ்440 என்பது 40 மி.மீ. விட்டமும், விட்டத்தைப்போல் 1.4 மடங்கு பிட்ச்சும் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறக்கூடிய தூரம்) கொண்டது. விட்டமோ பிட்ச்சோ மாறினால் பின்பகுதி உயரும் அளவும் மோட்டாரின் சுமையும் மாறும் என்பதால், ஸ்ட்ரட் சோதனையை மறுபடி தொடங்க வேண்டும். முதல் ஓட்டத்தைச் சுருக்கமாக முடித்து, மோட்டாரின் சூட்டைத் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.