எம்.பி.க்கு மனு வேண்டாம், கேள்வி எழுதிக் கொடுங்கள்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். அங்கே "பி.க்யூ. வந்திருக்கு" என்று ஒரு குரல் கேட்டால் போதும், சாப்பாட்டுக்குப் போனவர்கள் பாதியில் கை கழுவிவிட்டு வந்துவிடுவார்கள். பி.க்யூ. என்றால் பார்லிமென்ட் கொஸ்டின், நாடாளுமன்றக் கேள்வி. என் மேசையிலேயே ஒரு மனு இரண்டு வருடம் கிடந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை, நானும்தான் அதைத் தள்ளித் தள்ளி வைத்தேன். அதே விஷயம் ஒரு நாள் கேள்வியாக வந்தது. மூன்றே நாளில் புள்ளிவிவரம் தயாரானது, அதில் கையெழுத்துப் போட மேலதிகாரியே எங்கள் பிரிவுக்கு நடந்து வந்தார்.

ஓய்வுக்கு அப்புறம் மதுரையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர், "சார், எம்.பி.க்கு ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்று வருவார்கள். மனுவை விடுங்கள், கேள்வியாக எழுதுவோம் என்று உட்கார வைப்பேன். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. இது யார் வீட்டு விவகாரம்?

நாடாளுமன்றத்தில் மத்திய அரசின் பொறுப்பில் உள்ளதைத்தான் கேட்க முடியும். மதுரைப் பக்கம் தோப்பூரில் வருகிற எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய சுகாதார அமைச்சகத்தின் வேலை. அரசு இராசாசி மருத்துவமனை மாநில அரசுடையது. நத்தம் சாலையில் 2023இல் திறந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலத்தைக் கட்டியது தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ஆகவே அது டெல்லியில் கேட்க வேண்டியது. கண்மாய் ஆக்கிரமிப்பு, பட்டா, ரேஷன் கடையெல்லாம் எம்.எல்.ஏ.விடம். தெருச் சாக்கடைக்கு எம்.பி.யைப் பிடிக்காதீர்கள், கவுன்சிலர் கோபித்துக்கொள்வார்.

சில விஷயங்கள் இரண்டு பக்கமும் கிளை விட்டிருக்கும். கீழடியில் முதல் மூன்று கட்டம் தோண்டியது மத்திய தொல்லியல் துறை. 2018இலிருந்து தோண்டுவது தமிழ்நாடு தொல்லியல் துறை. முதல் கட்டங்களின் அறிக்கை பற்றிக் கேட்பதென்றால் நாடாளுமன்றம், அருங்காட்சியகம் பற்றி என்றால் சட்டமன்றம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி மலையில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டுகிற விவகாரமும் அப்படித்தான். 2024 நவம்பரில் சுரங்க ஏலத்தை முடித்தது மத்திய சுரங்க அமைச்சகம், 2022இல் அந்த மலையைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது மாநில அரசு. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாகும்வரை நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் கேட்க விஷயம் இருந்தது. ஆனால் ஒரே கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்க முடியாது. ஏலத்தைப் பற்றி அங்கே, மலையைப் பற்றி இங்கே என்று பிரிக்க வேண்டும்.

2. எந்த எம்.பி.?

மதுரை மாவட்டத்தில் இருந்தாலே மதுரை எம்.பி. என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் நிறைய. மாவட்டத்தின் பத்துச் சட்டமன்றத் தொகுதிகள் மூன்று மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. மேலூரும் நகரத்துத் தொகுதிகளும் மதுரையில் வருகின்றன. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனியில், திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரில். எய்ம்ஸ் வருகிற தோப்பூர் விருதுநகர் எம்.பி.யின் தொகுதி. கீழடியோ மாவட்டமே வேறு, சிவகங்கைத் தொகுதி.

எந்த ஊரைப் பற்றியும் எந்த எம்.பி.யும் கேட்கலாம், மாநிலங்களவை உறுப்பினர்களும் கேட்கலாம். ஆனால் தன் தொகுதிக்காரர் கொண்டுவந்த தாளைத்தான் அவர் அலுவலகம் முதலில் பிரிக்கும். உங்கள் எம்.பி. மத்திய அமைச்சராகிவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான். அமைச்சர் பதில் சொல்கிற பக்கம் இருக்கிறவர்.

3. நட்சத்திரமா, நட்சத்திரம் இல்லாததா?

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்விகளும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இவை 20தான். அதிலும் கேள்வி நேரம் முடிவதற்குள் ஐந்தாறைத் தாண்டுவதே அபூர்வம். நட்சத்திரம் இல்லாதவை ஒரு நாளைக்கு 230 வரை, எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வரும். மாநிலங்களவையில் இந்த எண்கள் 15, 160.

தொலைக்காட்சியில் வருவது நட்சத்திரக் கேள்வி. தகவல் வேண்டுமென்றால் என் ஓட்டு எழுத்துக் கேள்விக்குத்தான். அவையில் கூச்சல் எழுந்து ஒத்திவைத்தாலும் எழுத்துப் பதில் மேசைக்கு வந்துவிடும். 2020 மழைக்காலத் தொடரில் கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், எழுத்துக் கேள்விகளுக்கு மட்டும் பதில் வந்துகொண்டிருந்தது.

4. எழுதுவது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் முதலில் எழுதிக் கொண்டுவந்தது இது:

"தோப்பூரில் 2019இல் அடிக்கல் நாட்டிவிட்டு மதுரை மக்களை ஏமாற்றி வரும் மத்திய அரசு, எய்ம்ஸ் மருத்துவமனையை விரைந்து கட்டி முடிக்க ஆவன செய்யுமா?"

கோபம் நியாயம்தான், எனக்கும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வி இரண்டு இடத்தில் செத்துவிடும். "ஏமாற்றி வரும்" என்ற சொல்லுக்காகவே அவைச் செயலகம் திருப்பி அனுப்பும். மக்களவை விதிகளின்படி கேள்வியில் வாதம், கிண்டல், குற்றச்சாட்டு, தேவையில்லாமல் ஆள் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. அமைச்சரின் அபிப்பிராயத்தையும் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதையும் கேட்க முடியாது. மொத்தமே 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும்.

இரண்டாவது, "ஆவன செய்யுமா". இந்த இரண்டு சொற்களை எங்கள் அலுவலகத்தில் பார்த்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். "ஆவன செய்யப்பட்டு வருகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை "உண்மையா" என்று தொடங்குவது. "(அ) பணிகள் தாமதமாவது உண்மையா? (ஆ) ஆமெனில் காரணம் என்ன? (இ) பொறுப்பானவர்கள் யார்?" என்று எழுதுவார்கள். பதில் தயாரிக்கிற நாங்கள் முதலில் பார்ப்பது (அ)வைத்தான். அதற்கு "இல்லை" என்று எழுத வழி கிடைத்தால் மீதிக்கெல்லாம் ஒரே வரி: "(ஆ) மற்றும் (இ): கேள்வி எழவில்லை." முதல் முடிச்சு அவிழ்ந்ததும் சரம் முழுக்க உதிர்ந்த கதை. ஆகவே ஒவ்வொரு உட்பிரிவும் தன் காலில் நிற்கும்படி எழுதுங்கள். தாமதம் உண்டா என்று கேட்காதீர்கள். முடிய வேண்டிய தேதி எது, இன்றைய நிலை என்ன என்று கேளுங்கள், தாமதத்தைக் கழித்துப் பார்க்க நமக்குத் தெரியாதா?

தம்பி திருத்திக் கொண்டுவந்த அடுத்த தாளில் (அ) திட்டச் செலவு எவ்வளவு என்று இருந்தது. அதை நான் அடித்துவிட்டேன். 1,264 கோடி என்று தொடங்கி 1,977.80 கோடியாக உயர்ந்ததும், அதில் 1,627.70 கோடி ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா தரும் கடன் என்பதும், கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில் கையெழுத்தானதும் ஏற்கனவே வெளிவந்த தகவல்கள். எளிதில் கிடைக்கிற ஆவணத்தில் இருப்பதைக் கேட்டால் கேள்வியை ஏற்க மாட்டார்கள். ஏற்றாலும் ஒரு உட்பிரிவு வீண். முந்தைய பதில்கள் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் வாரியாக, அமைச்சகம் வாரியாகத் தேடக் கிடைக்கின்றன. எழுதுவதற்கு முன் ஒரு மணி நேரம் அங்கே செலவழியுங்கள்.

கடைசியில் தேறியது இது:

"சுகாதாரம் மற்றும் குடும்பநல அமைச்சர் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) மதுரை எய்ம்ஸ் திட்டத்துக்கு 2021–22 முதல் ஒவ்வொரு நிதியாண்டிலும் ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை, கடனும் அரசின் பங்கும் தனித்தனியாக;
(ஆ) கட்டுமான ஒப்பந்தப்படி ஒவ்வொரு கட்டமும் முடிய வேண்டிய தேதி, இன்றைய தேதியில் முடிந்துள்ள வேலையின் அளவு;
(இ) ஒப்பந்தக் காலம் நீட்டிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு நீட்டிப்பின் தேதியும் அதற்குப் பதிவான காரணமும்;
(ஈ) அனுமதித்த ஆசிரியர் பணியிடங்கள், அவற்றில் நிரம்பியவை, துறை வாரியாக;
(உ) 2022இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 50 பேருடன் தொடங்கிய வகுப்புகளில் ஆண்டு வாரியாகச் சேர்ந்த மாணவர்களின் எண்ணிக்கை?"

இதில் ஒரு குறைச்சொல்கூட இல்லை. ஆனால் பதில் எழுத உட்கார்கிறவருக்கு வியர்க்கும். "விவரம் என்ன" என்று மொட்டையாகக் கேட்டிருந்தால் தனக்குப் பிடித்த விவரத்தைக் கொடுத்துத் தப்பித்துவிடுவார். ஆண்டு வாரியாக, துறை வாரியாக என்று கேட்டால் அட்டவணை போட்டே ஆக வேண்டும், அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அது எல்லோர் கண்ணிலும் படும்.

ஆசையில் இந்தியா முழுக்க, இருபது வருடத்துக்கு என்று விரித்துவிடாதீர்கள். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று வந்து நிற்கும். ஒரு திட்டம், நாலைந்து வருடம், போதும்.

5. கொண்டுபோய்க் கொடுப்பது

கேள்வியைப் பதில் நாளுக்குக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே எம்.பி. கொடுத்தாக வேண்டும். எந்த அமைச்சகத்துக்கு எந்த நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். மக்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விக்குத்தான் நோட்டீஸ் கொடுக்கலாம், அதற்கும் மேல் எது பட்டியலில் ஏறும் என்பதற்குக் குலுக்கல் உண்டு. ஆகவே கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரத்திலேயே தாள் அவர் அலுவலகத்தில் இருக்கட்டும். பட்ஜெட் தொடர் ஜனவரிக் கடைசி வாக்கில் தொடங்கும், மழைக்காலத் தொடர் பெரும்பாலும் ஜூலையில், குளிர்காலத் தொடர் நவம்பர், டிசம்பர் வாக்கில்.

ஒரு பக்கம் கேள்வி, இன்னொரு பக்கம் பின்னணி. அதற்கு மேல் ஒரு தாள்கூட வேண்டாம். எம்.பி.யைப் பார்த்துச் சால்வை போடுவதைவிட அவருடைய உதவியாளர் கையில் கொடுத்து விளக்குவது பலன் தரும். ஆங்கிலத்துக்கு மாற்றி இணையத்தில் ஏற்றப்போவது அவர்தான்.

யாராவது "கொஞ்சம் செலவாகும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காக 2005 டிசம்பரில் இரண்டு அவையிலுமாக 11 எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

6. பதிலைப் படிப்பது

பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். (மொழி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு உள்துறை இந்தியில் பதில் அனுப்பியது. எந்த மொழியில் கேட்டார்களோ அந்த மொழியில்தான் பதில் தர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் நம்ம ஊர் உயர் நீதிமன்றக் கிளை தீர்ப்புச் சொன்னது. அது கடிதப் போக்குவரத்து பற்றியது, கேள்வி பற்றியதல்ல. இருந்தாலும் சொல்லாமல் போக மனமில்லை.)

பதிலில் முதலில் தேடுங்கள், உட்பிரிவுகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று. "(அ) முதல் (உ) வரை" என்று தொடங்கி நான்கு பத்தி ஓடினால் ஏதோ ஓர் உட்பிரிவு நடுவில் காணாமல் போயிருக்கும். என் அனுபவத்தில் அதுதான் சங்கடமான உட்பிரிவு. நானே அப்படிக் கட்டியிருக்கிறேன், அதனால் தெரியும்.

"பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்" போன்ற வரிகளைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். அவை உறுதிமொழி என்ற கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இதைத் துரத்துவதற்கென்றே மக்களவையில் 1953இலிருந்து அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நம் சட்டமன்றத்திலும் அதே பெயரில் ஒரு குழு உண்டு, அது மாவட்டங்களுக்கே வந்து ஆய்வு செய்யும். மூன்று மாதம் முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

7. இரண்டாவது கேள்வி

முதல் பதிலோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். முதல் பதிலுக்கு உண்மையான பயனே அடுத்த கேள்விக்கு அடித்தளமாக இருப்பதுதான். 1957இல் எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளுக்குப் போனது பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. பதில்களில் திருப்தியில்லாமல் விடாமல் தோண்டியவர் பெரோஸ் காந்தி, அதுவும் ஆளுங்கட்சி எம்.பி. விசாரணைக் கமிஷன் வரை போய், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

நம் அளவில் செய்ய வேண்டியது சின்ன வேலை. பதிலை அச்செடுத்துக் கேள்வி எண்ணையும் தேதியையும் மேலே எழுதுங்கள். அதில் அமைச்சர் சொன்ன தேதி ஒவ்வொன்றையும் அடிக்கோடிடுங்கள். அந்தத் தேதி தாண்டியதும் அடுத்த தொடருக்குப் புதுத் தாள், அதன் முதல் வரி இப்படி: "இன்ன எண், இன்ன தேதியிட்ட பதிலில் குறிப்பிட்ட பணிகளில்..." தோப்பூருக்கான முதல் தாளை அந்தத் தம்பி கொடுத்துவிட்டு வந்தாயிற்று. இரண்டாவது தாளுக்கு இப்போதே ஒரு ஃபைல் வாங்கி, மேலே எண் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறார்.