வீட்டு விலைக்கு மேல் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

திருச்சியில் போன வருடம் 50 லட்சத்துக்கு ஒரு பழைய தனி வீடு வாங்கினோம். விலை பேசி, ஒப்பந்தம் போட்டு, அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் கையில் 6 லட்சம் குறைகிறது என்று தெரிந்தது. அன்று ராத்திரி அம்மா எதுவும் பேசாமல் வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வில்லங்கம் பார்ப்பது, கடனுக்கு விண்ணப்பிப்பது பற்றியெல்லாம் இதில் இல்லை. பணக்கணக்கு மட்டும்.

படி 1: நான்கு கட்டம்

கூகுள் ஷீட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: என்ன செலவு, எவ்வளவு, எந்த நாள், பணம் எங்கிருந்து. கடன் ஆப்களில் இருக்கும் கால்குலேட்டர் இதற்கு உதவாது. அது மாதத் தவணையைச் சொல்லும். பதிவு நாளன்று கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லாது. "எந்த நாள்" கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.

படி 2: பத்திரச் செலவு

பதிவுத்துறை இணையதளத்தில் தெரு அல்லது சர்வே எண்ணைக் கொடுத்து வழிகாட்டி மதிப்பை, அதாவது அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பைப் பாருங்கள். அதுவா, நீங்கள் கொடுக்கும் விலையா, எது அதிகமோ அதற்குத்தான் கணக்கு. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எங்களுக்கு 4.5 லட்சம் ஆனது. பழைய கட்டுரைகளில் 11 சதவீதம் என்று இருக்கும். அது 2023 ஏப்ரலுக்கு முந்தைய கணக்கு. பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்பார்கள். அந்தச் சலுகை 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும்தான்.

படி 3: வங்கி எதற்குக் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது

நான் தவறியது இங்கேதான். விலையும் பத்திரச் செலவும் சேர்த்து 54.5 லட்சம், அதில் 80 சதவீதம் வங்கி தரும், 10.9 லட்சம் நாம் போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு இடத்தில் அது தப்பு. ஒன்று, ரிசர்வ் வங்கி விதிப்படி 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அது முழுக்க நம் கைப்பணம். இரண்டு, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் சொல்லும் தொகை நம் விலையைவிடக் குறைந்தால், குறைந்த தொகைக்குத்தான் கடன். எங்கள் வீட்டை அவர் சுற்றிப் பார்த்து, மாடிப்படி அடியில் ஓதம் ஏறிய சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, 47 லட்சம் என்று எழுதினார். அதில் 80 சதவீதம் 37.6 லட்சம். மீதி 12.4 லட்சம், பத்திரச் செலவு 4.5 லட்சம், ஆக 16.9 லட்சம் நாங்கள் போட வேண்டியிருந்தது.

அதனால் விலையில் பத்து சதவீதம் குறைத்துத்தான் வங்கி மதிப்பிடும் என்று வைத்து ஷீட்டை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்கும் பணம் போதும் என்றால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.

படி 4: சில்லறையாகத் தெரிபவை

வக்கீல் ஃபீஸ், பத்திரம் எழுதுபவர், தரகர் கமிஷன், வங்கியின் பிராசஸிங் ஃபீஸ், அதன்மேல் ஜிஎஸ்டி. எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலர் மறப்பது எம்ஓடி: அசல் பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைப்பதற்கான பதிவு. கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, அதோடு பதிவுக் கட்டணம். எங்களுக்கு 24,800 ரூபாய்.

படி 5: டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி)

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து அவருடைய பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு இல்லை, ஆனால் கட்ட மறந்தால் அபராதம் நம் தலையில்தான் விழும். பத்திரத்துக்கு முன்பே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 6: சாவி வாங்கிய பிறகு

பட்டா, சொத்து வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் சிறு தொகைதான். பழைய வீட்டில் பெரிய செலவு வயரிங்கும் தண்ணீரும். கிரகப்பிரவேசத்துக்கு ஷீட்டில் தனி வரிசை போடுங்கள். பால் காய்ச்சினால் போதும் என்றுதான் எல்லா வீட்டிலும் தொடங்கும், பிறகு சாப்பாட்டுப் பந்தி வரை போய்விடும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டதில் மூன்று.

புது அபார்ட்மெண்டின் முதல் விற்பனைக்குக் கணக்கு வேறு. 2023 டிசம்பரிலிருந்து முத்திரைத் தீர்வை 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் அதே 2. கட்டி முடியாத ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு: பொதுவாக 5 சதவீதம், மலிவு விலை வீட்டு வரம்புக்குள் வந்தால் 1.

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வாங்கினாலும் டிடிஎஸ்ஸுக்கு மொத்த விலையைத்தான் பார்ப்பார்கள். ஆளுக்குப் பாதி என்று பிரித்து 50 லட்சத்துக்குக் கீழே காட்ட முடியாது.

மூன்றாவது, ஒருவர் பதிவு நாள் காலையில் பத்திரச் செலவை நெட்பேங்கிங்கில் கட்டப் போய், தினசரி வரம்பு 2 லட்சம் என்று திரும்பியிருக்கிறார். பதிவு அலுவலகத்தில் நேரம் குறிக்கும் டோக்கன் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் வரம்பைப் பார்த்து உயர்த்தி வையுங்கள்.