குளிர்காலத்தில் எந்த பீர்? முதலில் தெர்மாமீட்டரைக் கேளுங்கள்

வீட்டில் முதன்முறை பீர் காய்ச்சுகிறவர்கள், கறுப்பு நிற ஸ்டவுட் பிடிக்கும், அதனால் ஸ்டவுட் என்று ரகத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் குளிரோடு மல்லுக்கட்டுவார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் இடம், அடுத்து ஈஸ்ட், கடைசியில்தான் ரகம். நாம் காய்ச்சுவது வெறும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கரைசல். அதை நொதிக்கவைத்து பீராக்குவது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். அதற்கு ஒத்துவராத குளிரில் எவ்வளவு நல்ல மால்ட்டைப் போட்டும் பயனில்லை. (வீட்டில் காய்ச்சச் சட்டம் இடம் தருகிறதா என்பதை இதற்கெல்லாம் முன்பே பார்த்துவிடுங்கள்.)

படி 1: இடத்தை அளத்தல்

பீர் நொதிக்கும் பக்கெட்டை வைக்கப்போகும் மூலையில் 5 லிட்டர் தண்ணீரை மூடிவைத்து, அதற்குள் தெர்மாமீட்டரைப் போடுங்கள். காற்றை அளக்க வேண்டாம். கதவைத் திறந்தாலே காற்றின் வெப்பநிலை மாறிவிடும், தண்ணீர் பீரைப் போல நிதானமாகத்தான் மாறும். மூன்று நாள், விடியற்காலையிலும் பிற்பகலிலும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் வேறு இடம் தேடுங்கள். பகலில் 20, இரவில் 12 என்று ஊசலாடும் அறையைவிட எப்போதும் 12 டிகிரியில் நிற்கும் அறை எவ்வளவோ மேல். இரவுக் குளிரில் ஈஸ்ட் வேலையைப் பாதியில் விட்டு அடியில் படிந்துவிடும்.

நொதிக்கும்போது சூடு பிறக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் 20 லிட்டர் பக்கெட்டின் உள்ளே, அறையைவிட 2 முதல் 4 டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 14 என்றால் ஈஸ்ட்டுக்கு அது 17.

படி 2: அந்த எண்ணுக்கு ஏற்ற ஈஸ்ட்

பக்கெட்டின் உள்ளே 18–20 டிகிரி வருமென்றால் கவலையே இல்லை. சாதாரண ஏல் ஈஸ்ட் (வெதுவெதுப்பில் வேலை செய்யும் வகை) போதும்; ஸ்டவுட், போர்ட்டர், பேல் ஏல் எல்லாம் வரும்.

14–17 டிகிரிதான் குளிர்காலத்தின் வரம். ஜெர்மனியின் கோல்ஷ், ஆல்ட்பியர் ரகங்கள் இரண்டும் இந்த மிதமான குளிருக்கென்றே அமைந்தவை. கலிஃபோர்னியா காமனும் இங்கேதான் வரும்.

9–13 டிகிரி, குளிரில் நொதிக்கும் அசல் லாகருக்கு: பில்ஸ்னர், டுங்கல், பாக். பவேரியாவில் 1553-இல் வந்த ஆணை ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சவே தடை போட்டது. குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சியதால் குளிர் தாங்கும் ஈஸ்ட் அங்கே நிலைத்தது. ஆனால் இதற்கு ஈஸ்ட்டும் அதிகம் வேண்டும், முடிந்தபின் 0–4 டிகிரியில் நாலைந்து வாரம் ஊறவும் வேண்டும். முதல் முயற்சிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

8-க்குக் கீழே போனால் ஹீட் பெல்ட் (பக்கெட்டைச் சுற்றிக் கட்டும் சூடாக்கும் பட்டை) இல்லாமல் இறங்காதீர்கள். சூட்டை விரும்பும் சைசான், க்வைக் ஈஸ்ட்களை வெயில்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 'லாகர்' என்று அச்சிட்ட பல கிட்களுக்குள் (பீர் காய்ச்சும் பொருள்கள் அடங்கிய டப்பா) இருப்பது ஏல் ஈஸ்ட். டப்பாவின் பெயரை விட்டுவிட்டு, ஈஸ்ட் பாக்கெட்டில் உள்ள வெப்பநிலையைப் படியுங்கள்.

படி 3: முதல் பீர், கலிஃபோர்னியா காமன்

ஐஸ் வசதி இல்லாத 19-ஆம் நூற்றாண்டு சான் பிரான்சிஸ்கோவில் லாகர் ஈஸ்ட்டை அது விரும்புவதைவிடச் சற்று வெதுவெதுப்பில் நொதிக்க வைத்துப் பிறந்த ரகம் இது. சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். 20 லிட்டருக்கு:

லைட் ட்ரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாற்றின் பொடி) 2.7 கிலோ
உடைத்த கிரிஸ்டல் 60 மால்ட் (60 என்பது நிறத்தின் அளவு) 300 கிராம்
நார்தர்ன் ப்ரூவர் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) 60 கிராம்
W-34/70 லாகர் ஈஸ்ட், 11.5 கிராம் பாக்கெட் இரண்டு

கிரிஸ்டல் மால்ட்டைத் துணிப்பையில் கட்டி 68 டிகிரி நீரில் 30 நிமிடம் ஊறவைத்து எடுங்கள். எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தொடக்கத்தில் 35 கிராம் ஹாப்ஸ், முடிய 10 நிமிடம் இருக்கும்போது மீதி 25. தொடக்க அடர்த்தி (தண்ணீர் 1.000 என்ற கணக்கில்) 1.050 அளவில் வரும்.

படி 4: ஈஸ்ட் தூவுதல்

குழாய்த் தண்ணீர் சில்லென்று இருப்பதால் கரைசல் சீக்கிரம் ஆறும், குளிர்காலத்தின் பெரிய லாபம் இது. 16 டிகிரிக்கு வந்ததும், கிருமிநீக்கிய பக்கெட்டில் உயரத்திலிருந்து நுரை பொங்க ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவுங்கள். 24–36 மணி நேரம் அசைவே தெரியாமல் இருக்கலாம். பயந்துபோய் மூடியைத் திறக்காதீர்கள். பக்கெட் திடீரென்று குளிர்ந்தால் ஏர்லாக் (மூடியில் செருகி, வாயுவை வெளியேற விடும் நீரடைப்பு) நீர் உள்ளே இழுக்கப்படும். அதனால் அதில் காய்ச்சிய நீரை விடுங்கள்.

படி 5: கடைசியில் கொஞ்சம் சூடு

பலர் தவறவிடுவது இதைத்தான். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.020-ஐ நெருங்கியதும் பக்கெட்டை 18–20 டிகிரி உள்ள அறைக்கு மாற்றி மூன்று நாள் வையுங்கள். குளிரில் ஈஸ்ட் விட்டுவைக்கும் டயசெட்டில், பீருக்கு வெண்ணெய் வாசனை தரும். சூடு கண்டால் ஈஸ்ட்டே அதைத் தின்றுவிடும்.

சோதிக்க, இரண்டு டம்ளரில் கொஞ்சம் பீர் எடுத்து மூடுங்கள். ஒன்றை 60–65 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்தி, ஆறவைத்து, இரண்டையும் முகருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால், டயசெட்டிலாக மாறவேண்டிய மூலப்பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் விடுங்கள்.

படி 6: பாட்டிலில் அடைத்தல்

மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்தும் அதே எண் (1.012 சுற்றி) வந்தால்தான் அடைக்க வேண்டும். 1.020-இலேயே நின்றால் அது முடிந்த பீர் அல்ல, குளிரில் தூங்கும் பீர். அடைத்தபின் விழித்துக்கொண்டால் பாட்டில் வெடிக்கும்.

பாட்டிலுக்குள் வாயு உண்டாக, 20 லிட்டருக்குச் சர்க்கரை 120 கிராம். இந்தச் சர்க்கரை அளவைச் சொல்லும் கால்குலேட்டர் வெப்பநிலை கேட்டால், நொதித்தல் முடியும் தறுவாயில் பீர் தொட்ட உச்ச வெப்பநிலையைக் கொடுங்கள். இப்போது 4 டிகிரியில் இருக்கிறதே என்று 4 கொடுத்தால், ஏற்கெனவே நிறைய வாயு கரைந்திருப்பதாக எண்ணி 75 கிராம்தான் சொல்லும், பீர் சப்பென்று இருக்கும்.

அடைத்த பாட்டில்களைக் குளிரில் வைத்தாலும் அதே கதிதான். இரண்டு வாரம் 18–22 டிகிரியில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் சோடா பாட்டில் போன்ற பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பினால் அழுத்திப் பார்க்கலாம். அது அமுங்காமல் கல்லாக இறுகியதும் மற்றவற்றைக் குளிருக்கு மாற்றுங்கள்.