கூட்டு நூலுக்கு நிரலாக்க அத்தியாயம் எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பைதான் என்ற நிரல்மொழி பற்றிப் பலர் சேர்ந்து எழுதும் நூல் ஒன்றுக்கு வரும் அத்தியாயங்களைச் சரிபார்த்து வருகிறேன். எழுத்துப்பிழை, பத்தி பிரிப்பு பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதையெல்லாம் திருத்த ஆள் இருக்கிறது. பழைய ஆட்கள் செய்து கைவிட்ட தவறுகளைப் புதிதாக வருபவர்கள் மறுபடி செய்கிறார்களே, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

இயக்கிப் பார்க்காத நிரல்

இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நிரலை நேரடியாக வேர்டில் தட்டுகிறார்கள். அது நேரான மேற்கோள் குறிகளைத் தானாகவே வளைத்துவிடுகிறது. பார்க்க அழகுதான், ஆனால் நகலெடுத்து ஓட்டினால் பைதான் 'இன்வேலிட் கேரக்டர்' என்று நின்றுவிடும். உள்தள்ளலும் அப்படித்தான். ஒரே தொகுதிக்குள் ஒரு வரிக்கு டேப், அடுத்த வரிக்கு ஸ்பேஸ் என்று கலந்தால் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும், பைதான் 3 ஏற்காது.

வெளியீட்டை மனக்கணக்காக எழுதுவது இன்னும் மோசம். சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) பற்றிய ஓர் அத்தியாயத்தில், 'தமிழ்' என்ற சொல்லை, நீளத்தை எண்ணிச் சொல்லும் லென் செயற்கூறுக்குக் கொடுத்தால் 3 வரும் என்று இருந்தது. உண்மையில் வருவது 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறியீடுகளைத்தான் அது எண்ணுகிறது. தமிழ் மூன்றெழுத்து என்றே எல்லோரும் படித்து வளர்ந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதை வைத்துப் படித்த ஒரு மாணவி, தன் கணினியில்தான் கோளாறு என்று நினைத்து பைதானை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருக்கிறார். அப்புறமும் 5தான் வந்தது. எழுதியவர் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இந்த அலைச்சல் இல்லை. தமிழ் எழுத்துகளைக் கணினி எப்படி எண்ணுகிறது என்று நல்ல பத்தி ஒன்றும் நூலுக்குக் கிடைத்திருக்கும்.

நிரலைத் தனிக் கோப்பில் எழுதுங்கள், ஓட்டுங்கள், வந்த வெளியீட்டை அப்படியே எடுத்து ஒட்டுங்கள். பைதானோடு சேர்ந்தே வரும் டாக்டெஸ்ட், உரைக்கோப்பில் மூன்று கோணக்குறி (>>>) போட்டு எழுதிய எடுத்துக்காட்டுகளை ஓட்டி, கீழே இருக்கும் விடையோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். சரிபார்ப்பவர் ஒரு மாறியின் பெயரை மாற்றினாலும் திரும்ப ஓட்டத்தான் வேண்டும்.

நிரலைப் படமாக அனுப்புவது

வேண்டவே வேண்டாம்.

பதிப்பைச் சொல்லாமல் விடுவது

முதல் அத்தியாயம் உபுண்டு 20.04 இயங்குதளத்தை நிறுவச் சொல்கிறது. அதோடு வருவது பைதான் 3.8. ஐந்தாம் அத்தியாயம் எழுதியவர் மேட்ச் கட்டளையைப் பயன்படுத்துகிறார். அது 3.10-இல்தான் வந்தது. இரண்டும் தனித்தனியே சரி, ஒரே நூலில் சேர்ந்தால் வாசகர் மாட்டிக்கொள்வார். எந்தப் பதிப்பு என்று எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முன் அத்தியாயங்களைப் படிக்காதது

செயற்கூறுகள் ஏழாவதில் வருகிறதென்றால் அவற்றை உருவாக்கும் டெஃப் கட்டளையை நான்காவதில் எழுதாதீர்கள்.

எடுத்த இடத்தைச் சொல்லாதது

நிரலர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மற்றவர்கள் எழுதிய நிரல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. எழுதியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், அதே வகை உரிமத்தில்தான் பகிர வேண்டும். நூலின் உரிமம் அதற்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு வேறு எழுத வேண்டியிருக்கும். அனுப்பும்போதே எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பக்கம் கட்டி முடித்த பிறகு தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.