பிரஷர் வாஷ் தொழிலுக்கு வண்டி எடுக்குமுன் தண்ணீரை எடை போடுங்கள்

தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிச் சுவரையும் தரையையும் கழுவும் பிரஷர் வாஷ் தொழிலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மெஷினைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பிறகு கையில் மிஞ்சிய பணத்துக்கு எந்த வண்டி படிகிறதோ அதை எடுத்து, தொட்டியையும் எஞ்சினையும் அதன்மேல் ஏற்றிக் கட்டிவிடுகிறார்கள். சென்னையில் இந்த வேலையைத் தொடங்கியபோது நானும் அப்படித்தான் செய்தேன். ஆறே மாதத்தில் வண்டியை மாற்ற வேண்டியதாயிற்று. வண்டியைத் தீர்மானிப்பது தண்ணீர்தான் என்பதை அந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

கணக்கை மெஷினிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுச் சுவர், அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடம், கடை வாசல் ஆகியவற்றைக் கழுவும் நடுத்தர மெஷின் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் தண்ணீரைக் குடிக்கும். அதாவது தண்ணீர் பீய்ச்சும் கன்னை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு 900 லிட்டர். வாடிக்கையாளர் வீட்டிலேயே தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அங்கே வாசலில் இருக்கும் அரை இஞ்சுக் குழாயால் மெஷினுக்கு ஈடுகொடுக்க முடியாது. 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டை அந்தக் குழாயடியில் வைத்து, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடம் பிடித்தால் வரத்து நிமிடத்துக்கு 10 லிட்டர், செலவு 15 லிட்டர், பற்றாக்குறை 5 லிட்டர். அப்படியானால் வண்டியில் இருக்கும் 500 லிட்டர் தொட்டி, குழாய் திறந்திருக்கும் நிலையில், 100 நிமிடம் தாங்கும். இடையில் ஹோஸ் மாற்றவும் சோப்புக் கரைசல் ஊறவும் ஆகும் நேரத்தில் தொட்டி மறுபடி ஏறிவிடும் என்பதால், வீட்டு வேலைக்கு இந்த அளவே போதும். குழாயே இல்லாத கட்டுமான இடங்களுக்கும் கிடங்குகளுக்கும் போகிறவருக்கு மட்டும் 1,000 லிட்டர் தேவைப்படும்.

இனி எடைக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதைப் பள்ளியிலேயே படித்திருந்தாலும், வண்டி வாங்கும் நாளில் அது யார் நினைவுக்கும் வருவதில்லை. தண்ணீர் 500 கிலோ, வெறும் தொட்டி 20, எஞ்சினும் பம்பும் சேர்ந்து 100, ரீலில் சுற்றிய ஹோஸ்கள் 60, சோப்பு, குளோரின் கேன்கள் 80, ஏணியும் மற்ற சாமான்களும் 40, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் இரும்புச் சட்டம் 50 என்று கூட்டினால் 850 கிலோ. கேபினில் உட்காரும் இருவருக்கு 140 கிலோவையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் கிடைக்கும் எண்ணுக்குள் ஆட்களும் அடக்கம். ஆக 990 கிலோ, ஏறக்குறைய ஒரு டன்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனால் பாதி வண்டிகள் தாமாகவே விலகிவிடும். நாம் குட்டி யானை என்று அழைக்கும் டாடா ஏஸ் வகை வண்டிகளில் பெரும்பாலானவை சுமார் 700 முதல் 750 கிலோ வரைதான் தாங்கும். சந்துக்குள் நுழைந்து திரும்புவதற்கு அதைப்போல வேறில்லை என்றாலும், அதில் 200 லிட்டர் டிரம்முக்கு மேல் வைத்தால் கணக்கு உதைக்கும். வாடிக்கையாளரின் சம்ப்பிலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுத்துச் செய்யும் டேங்க் கிளீனிங் வேலைக்கு மட்டும் அதை எடுக்கலாம். 500 லிட்டருக்கு டாடா இன்ட்ரா வி30, மஹிந்திரா பொலேரோ பிக்கப்பின் 1.3 டன் மாடல் போன்ற வண்டிகள் சரியாக அமையும், அசோக் லேலண்ட் தோஸ்த் பிளஸ் இன்னும் சற்றுத் தாராளமாகவே தாங்கும். 1,000 லிட்டர் என்றால் மொத்தச் சுமை ஒன்றரை டன்னை எட்டுவதால், பொலேரோ பிக்கப்பின் 1.7 டன் மாடலுக்குக் கீழே இறங்காதீர்கள். ஒரே பெயரில் வரும் வண்டிக்குக்கூட மாடலுக்கு மாடல் இந்த அளவு மாறும், ஆகவே விற்பனையாளர் வாய்ச்சொல்லாகச் சொல்வதை விட்டுவிட்டு ஆர்.சி.யில் பதிவாகும் எடையைக் கேளுங்கள். சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டரின் எடை உங்கள் தண்ணீரின் பங்கிலிருந்துதான் கழியும் என்பதால், இந்தத் தொழிலுக்கு நான் டீசலையே விரும்புகிறேன்.

எடை பொருந்திவிட்டதாலேயே வேலை முடிந்துவிடாது, ஏனென்றால் தண்ணீர் செங்கலைப்போல வைத்த இடத்தில் இருப்பதில்லை. தொட்டி முழுதாக நிரம்பியிருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் தொல்லை இல்லை. பாதி நிரம்பிய தொட்டிதான் ஆபத்தானது. கத்திப்பாரா மேம்பாலத்து இறக்கத்தில் முன்னால் போன பேருந்து நின்றதும் நான் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது, ஒரு நொடி கழித்து உள்ளிருந்த தண்ணீர் தொட்டியின் முன்சுவரில் மோதி, வண்டியை இன்னும் இரண்டடி முன்னே தள்ளியது. பேருந்துக்கும் எனக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான் மிஞ்சியது. அன்றைக்கு ஆயிரம் லிட்டர் தொட்டியைக் கழற்றிவிட்டு, உயரம் குறைந்த இரண்டு 500 லிட்டர் தொட்டிகளைப் பொருத்தினேன். இரண்டுக்கும் நடுவில் வால்வு வைத்து, ஒன்று முழுதாகக் காலியான பிறகே மற்றதைத் திறந்தால், எந்த நேரத்திலும் ஒரு தொட்டியில்தான் தண்ணீர் அலையும்.

தொட்டியைக் கேபின் பக்கமாக, பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டீயரிங் பிடிமானம் இழக்கும். மெஷினைப் பின் டோர் பக்கம், தரையில் நின்றபடியே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் உயரத்தில் வையுங்கள். ஹோஸ் ரீல் இடப்பக்கம் திரும்பியிருக்கட்டும். நம் ஊரில் வண்டியை இடது ஓரமாகத்தான் நிறுத்துகிறோம், வீட்டு வாசலும் அந்தப் பக்கமே இருக்கும். நாலா பக்கமும் அடைத்த கன்டெய்னர் பாடி பார்க்க மதிப்பாக இருந்தாலும், எஞ்சினை உள்ளே வைத்து ஓட்டினால் வெப்பமும் கார்பன் மோனாக்சைடும் தேங்கும் என்பதால் திறந்த பாடியே சரி.

வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பெர்மிட் தேவையில்லை. 1.3 டன் வகையில் உள்ள பல மாடல்கள் இந்த வரம்புக்குள் அடங்குவது சிறு தொழில்காரருக்குப் பெரிய வசதி. சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது, ஆகவே தனி டிரைவர் வேண்டுமென்ற கவலை இல்லை. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாக 2,000 ரூபாயும் உண்டு. தாங்காத வண்டிக்குப் பட்டறையில் எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டை போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வண்டி குனியாமல் நிற்குமே தவிர, பிரேக்கும் அச்சும் பழையவைதான், ஆர்.சி.யில் உள்ள எடையும் மாறாது. கருவிகளைச் சேசிஸில் வெல்டிங் செய்யாமல், போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய சட்டத்தின்மேல் பொருத்திக்கொண்டால், வண்டி பட்டறையில் கிடக்கும் நாளில் வாடகை வண்டிக்கு அதை மாற்றிவிடலாம்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், அது முன்பு எதை ஏற்றியது என்று முதலில் விசாரியுங்கள். மீன் ஏற்றிய வண்டியில் உப்பும் ஐஸ் தண்ணீரும் வடிந்து, பாடிக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களை அரித்திருக்கும். அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள், நம்முடைய குளோரினும் சேர்ந்தால் அது அதிக நாள் தாங்காது. செங்கல், மணல் ஏற்றிய வண்டியில் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணிப் பார்த்தால், அளவுக்கு மீறிச் சுமந்த வண்டியா என்பது தெரியும். எஃப்.சி. (தகுதிச் சான்று) எப்போது முடிகிறது என்பதையும் கவனியுங்கள். எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த அந்தச் செலவு, அதன் பிறகு ஆண்டுதோறும் வரும்.

வண்டி வந்து எல்லாவற்றையும் பொருத்திய பிறகு, தொட்டியை நிரப்பி, ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, அருகிலுள்ள எடை மேடைக்குப் போங்கள். முதலில் முழு வண்டியையும், பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் எடை போட்டு, இரண்டு எண்களையும் ஆர்.சி.யில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். பின் அச்சின் எண் மட்டும் மீறியிருந்தால், தொட்டியை அரையடி முன்னே நகர்த்தி மறுபடி எடை போட்டுப் பாருங்கள்.