மர ரூட்டரில் அக்ரிலிக் ஷீட் வெட்டும் முறை

மரத்தில் பழகிய கை அக்ரிலிக்கைக் கெடுப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ரூட்டரை மெதுவாகத் தள்ளுவது. தேக்கில் நிதானமாகப் போனால் வெட்டு வழவழப்பாக வரும். அக்ரிலிக்கோ சுமார் 105 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். பிட் (ரூட்டரில் சுற்றி வெட்டும் அலகு) ஒரே இடத்தில் சுற்றச் சுற்றச் சூடேறி, வெட்டிய வாய் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். பிட்டின் பள்ளத்தில் உறைந்த வெல்லப்பாகு மாதிரி ஒரு கட்டி சுற்றியிருப்பதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். அதோடு ஓட்டினால் பிட் ஷீட்டைக் கவ்வி, ஓரத்தைப் பிளந்துவிடும்.

புதுச்சேரியிலோ கடலூரிலோ கடை போர்டு செய்பவர்களுக்கு ஷீட் விற்கும் இடத்தில் ‘காஸ்ட்’ (அச்சில் வார்த்த) அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள். ‘எக்ஸ்ட்ரூடட்’ (இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த) ஷீட் விலை குறைவு, ஆனால் சீக்கிரம் இளகும். மேலே ஒட்டியிருக்கும் தாளை வேலை முடியும்வரை உரிக்க வேண்டாம்.

பிட் கார்பைடாக இருக்கட்டும், ஒற்றை வெட்டுமுனை, 6 மி.மீ. விட்டம். மரத்துக்கு ஓட்டித் தேய்ந்த பிட் இதற்கு உதவாது. ஒற்றை முனை ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முனை 0.1 மி.மீ. சீவினால்தான் சூடு சீவலோடு வெளியே போகும். 18,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 18,000 சுற்று) ஒற்றை முனைக்கு நொடிக்கு 30 மி.மீ. வேகம் வேண்டும், அதாவது ஓர் அடி நீளத்தை 10 நொடியில் கடக்க வேண்டும். இரட்டை முனை என்றால் அதே அடியை 5 நொடியில் கடக்க வேண்டும், கைக்கு அது சிரமம். ஆசாரிகள் வைத்திருக்கும் சின்ன டிரிம்மர் (கையடக்க ரூட்டர்) பலவற்றில் சுற்று வேகத்தைக் குறைக்க முடியாது, 30,000 சுற்றிலேயே ஓடும். அதில் ஒற்றை முனை போட்டாலும் 6 நொடிதான். ஸ்பீடு டயல் உள்ள ரூட்டர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

சரியாகப் போகிறதா என்பதைச் சீவலே சொல்லும். தேங்காய்த் துருவல் போல உதிரியாக விழுந்தால் நல்லது. நூல் நூலாக இழுத்தாலோ காட்டமான வாடை வந்தாலோ சூடாகிறது என்று அர்த்தம். பிட் சுற்றும் வேகத்தைக் குறைத்து, ரூட்டரைக் கொஞ்சம் விரைவாகத் தள்ளுங்கள்.

அடியில் பழைய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை போட்டு, ஷீட்டை டபுள் சைடு டேப்பாலும் கிளாம்பாலும் இறுக்குங்கள். ஷீட் அதிர்ந்தால் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும். 6 மி.மீ. ஷீட்டை 3 மி.மீ. வீதம் இரண்டு முறையாக வெட்டுங்கள். வடிவம் வெட்டுவதானால் ஜிக்சாவில் 2 மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்து, எம்.டி.எஃப்.பில் வெட்டிய டெம்ப்ளேட் (மாதிரி வடிவம்) ஒட்டி, அதன் ஓரத்தில் உருளும் பேரிங் உள்ள பிட்டால் சீவுவது பாதுகாப்பு. வெளி ஓரத்தில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும், உள்ளே வெட்டும் துளையில் கடிகாரத் திசையிலும் போங்கள். மாற்றிப் போனால் ரூட்டர் கையைவிட்டு இழுத்துக்கொண்டு ஓடும். மூலையில் நின்று யோசிக்கக் கூடாது, அங்கேதான் உருகும். உள்மூலையை ரம்பத்தால் கூராக்கவும் வேண்டாம். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பிட் விட்ட வளைவு அப்படியே இருக்கட்டும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

திருகுத் துளையைப் பெரிதாகப் போடுங்கள். அக்ரிலிக் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 மி.மீ. விரியும். புதுச்சேரி மிஷன் வீதியில் வெயிலைப் பார்த்திருக்கும் 4 அடி போர்டு, 25 டிகிரி சூடு ஏறினால் 2 மி.மீ. நீளும். 4 மி.மீ. திருகுக்கு 6 மி.மீ. துளை, அடியில் ரப்பர் வாஷர், அளவான இறுக்கம்.

வெட்டிய ஓரத்தை 320, 600, 1000 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். துடைக்கத் தின்னரும் ஸ்பிரிட்டும் வேண்டாம். வெட்டில் அழுத்தம் தங்கிய ஓரத்தில் அவை பட்டால் முடிபோல் மெல்லிய கீறல்கள் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும். குளோரோஃபார்ம் வைத்து ஒட்டப் போகும் ஓரத்தைத் தீயில் காட்டிப் பளபளப்பாக்கவும் கூடாது, அதே கீறல் வரும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு வேலையும் உண்டு. கடலூர் முதுநகர் பக்க உப்புக்காற்றில் கோலெட் (ரூட்டரில் பிட்டைப் பிடிக்கும் கவ்வி) சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கோலெட் பிட்டை நேராகப் பிடிக்காது, ஓரத்தில் அலை அலையாகத் தடம் விழும். வேலை முடிந்ததும் பிட்டைக் கழற்றி, கோலெட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மெஷின் ஆயில் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள். மறுபடி பிட் மாட்டும் முன் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் முழுதும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கிக் கீழிறங்கும்.